முகப்பு உறுப்பு 7-ஏ

என் அம்மா பச்சையம்மா செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு கிலோ இருந்தாள். திங்கட்கிழமை இரண்டரைக் கிலோ. நடுவில் ரோட்டர்டாமில் தொண்ணூற்றாறாவது நகல் திறக்கப்பட்டிருந்தது. எங்கள் கண்ணாடிக் கட்டடத்தின் நகல் ஏதாவது ஓர் ஊரில் திறக்கப்பட்டால் அம்மா அரைக் கிலோ குறைவாள். முதல் நகல் திறப்பதற்கு முன் அவள் ஐம்பது கிலோ. கணக்கு சரியாகவே வருகிறது.

டாக்டரிடம் காட்டினோம். வயதானால் இப்படித்தான், கீரை சாப்பிடுங்கள் என்றார். அம்மா கீரை சாப்பிட்டாள். அன்று மாலை துபாயில் இரண்டு திறந்தார்கள்.

அவள் மடியில் எப்போதும் அம்மிக் குழவி இருக்கும். நடக்கும்போது அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மறந்துவிட்டால் சீலிங் வரை போய்விடுவாள். எங்கள் குடியிருப்பில் சீலிங் தாழ்வு, பெரிய தூரமில்லை. ஆனாலும் ஃபேன் போடுவதை நிறுத்திவிட்டோம்.

"புழுங்குதுடா வேடியப்பா," என்றாள்.

"ஃபேன் போட்டா உனக்கு அடிபடும்மா."

"அப்ப அந்தச் சட்டைய வாங்கிக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பாவுடையது. நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. அவர் செத்த பிறகு அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் சிமெண்டுக்கும் அது ஒரு மறைப்பு. மேஸ்திரியின் பார்வைக்கும்தான். அந்தச் சட்டையில் ஏழு பொத்தானில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது மட்டும் வெள்ளை. இடது முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பதினோரு வருடம் ஜல்லி சுமந்தாள். அந்த ஜல்லியில்தான் நான் டிப்ளமோ படித்தேன்.

படித்து முடித்ததும் எனக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் அம்மா கலவை சுமந்துகொண்டிருந்த அதே கண்ணாடிக் கட்டடம். முதல் நாள் காலையில் அம்மாவிடம் நான் சொன்னது இது.

"நாளைலேர்ந்து வேலைக்கு வராத. அந்தச் சட்டையோட என் ஆபீஸ் பக்கம் வந்து நிக்காத."

எட்டு வருடமாகிறது. நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. கூச்சம் என்பது நாசூக்கான வார்த்தை. அசிங்கமாக இருக்கிறது.

அம்மா சட்டையைக் கழற்றி மேஸ்திரி துலுக்காணத்திடம் கொடுத்துவிட்டாள். அவர் திருஷ்டி பொம்மைக்குப் பழைய சட்டை தேடிக்கொண்டிருந்தார். வைக்கோல் திணித்தார். பானையைக் கவிழ்த்து மீசையும் நாக்கும் எழுதினார். சட்டையை மாட்டி ஏழாவது மாடி முகப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். கட்டட வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது வழக்கம்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டடம் நன்றாக வந்திருக்கிறது, இதையே உலகம் முழுக்கக் கட்டப்போகிறோம், கட்டினது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்து அனுப்பு என்றது. வரைந்தேன். 2,316 ஜன்னல்கள். எல்லாமே பதித்த கண்ணாடி, ஒன்றுகூடத் திறக்காது. ஏழாவது மாடியில் ஒரு திருஷ்டி பொம்மை. பொத்தான், ஒட்டு, மீசையின் நீளம் எல்லாவற்றுக்கும் அளவு போட்டேன். அப்படியே என்றால் அப்படியேதான். வேலை விஷயத்தில் நான் கறார்.

தலைமை அலுவலகத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புரியாத பொருள் எதுவும் வடிவமைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பொம்மைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். முகப்பு உறுப்பு 7-ஏ.

இப்போது தொண்ணூற்றாறு இடங்களில் அது தொங்குகிறது. ஆஸ்லோவில் வெண்கலம். ஷென்செனில் பீங்கான். டொராண்டோவில் பனி விழுந்தால் மீசையை மட்டும் துடைக்க ஓர் ஆள் இருக்கிறார். எல்லாவற்றிலும் மூன்றாவது பொத்தான் வெள்ளை. எங்கள் கட்டடத்தில் தொங்குவது மூலவர். மற்றவை உற்சவர்கள். அம்மா எங்கள் வாசலில் உட்கார்ந்து, யாரோ முதுகில் ஏறுவது போல அவ்வப்போது தோளைக் குலுக்குவாள். இன்னொன்று திறந்துவிட்டது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை மதியம் சுற்றறிக்கை வந்தது. மிச்சமிருக்கும் நான்கு நகல்களும் வெள்ளிக்கிழமை ஒரே நேரத்தில் திறக்கப்படும். அத்துடன் நூறு முடிகிறது. நான்கு அரை இரண்டு. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

திருத்தப் பிரிவு ஏழாவது மாடியில் இருக்கிறது. நான் இருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் பிடிக்க முகப்புக்கூடத்துக்கு இறங்கி வர வேண்டும். எல்லாக் கட்டடங்களிலும் முகப்புக்கூடம் ஒன்றுபோலவே இருப்பதால், சிக்கனம் கருதி ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். பனிக்கோட்டுப் போட்டவர்களும் குடையிலிருந்து தண்ணீர் சொட்டுபவர்களும் வியர்வையோடு வந்தவர்களும் ஒரே லிஃப்டுக்கு நிற்பார்கள். வெளியேறும்போது கவனம் வேண்டும். போன மாதம் எங்கள் பிரிவு சடகோபன் அசட்டையாக வேறு கதவில் வெளியேறி சிங்கப்பூருக்குப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. சோழிங்கநல்லூரில் எப்போது இவ்வளவு மரம் வைத்தார்கள் என்று மட்டும் யோசித்தாராம்.

ஏழாவது மாடிக் காரிடாரும் பொதுதான். ஒவ்வொரு நகல் திறக்கும்போதும் அது கொஞ்சம் நீளும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பது அடி. இப்போது நடக்க இருபது நிமிடம் ஆகிறது. நடந்தேன். கடைசி மேஜையில் ஹெலன் பிரமிளா மேடம் இருந்தார். திருத்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். அவருடைய இடது பக்கம் குளிர்காலம், வலது பக்கம் கோடை. ஸ்வெட்டரை இடது கைக்கு மட்டும் போட்டிருந்தார்.

"ஐடி கார்டுல வெடின்னு போட்டிருக்கே," என்றார்.

"வேடியப்பன், மேடம். தலைமை அலுவலகத்துல அப்படி எழுதிட்டாங்க."

"அப்ப வெடிதான். என்ன திருத்தம்?"

"7-ஏவை எடுத்துடணும்."

"அது எதுக்கு இருக்கு?"

"கண்ணு படாம இருக்க."

"எந்தக் கண்ணு?"

"ஊர்க்கண்ணு."

"எந்த ஊரு?"

சென்னை என்றேன். அவர் என் வரைபடத்தை விரித்து மூலைப் பெட்டியைக் காட்டினார். திட்டத்தின் பெயர், அளவு, தேதி, வரைந்தவர் என்று கட்டங்கள் இருந்தன. ஊருக்குக் கட்டம் இல்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறியும் இல்லை. நான்தான் போடாமல் விட்டேன். எங்கு வேண்டுமானாலும் கட்டப்போகிறார்கள் என்றால் வடக்கை எந்தப் பக்கம் போடுவது?

"ஊரே இல்லாதப்ப ஊர்க்கண்ணுன்னா எல்லா ஊர்க் கண்ணும்னு அர்த்தம்," என்றார் ஹெலன் பிரமிளா. "அதான் இவ்வளவு பலம் இழுக்குது. எங்கேர்ந்து எடுக்குதுன்னு இன்ஜினியருங்களுக்கே தெரியல."

"எங்கம்மாகிட்டேர்ந்து, மேடம்."

"ஓ," என்றார். அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஓர் ஆய்வறிக்கையை எடுத்துப் படித்தார். 7-ஏ ஊர்க்கண், உறவுக்கண், நாய்க்கண் மூன்றிலும் தேறிவிட்டது. நரிக்கண் சோதனை மட்டும் நிலுவையில் இருந்தது. நரி கிடைக்கவில்லையாம்.

"எடுக்க முடியாது," என்றார். "போன வருஷம் லிஸ்பன்ல துடைக்கறதுக்காக ஒரு மணி நேரம் கழட்டுனாங்க. பதினோரு கண்ணாடி விரிசல்."

"வேலை முடிஞ்சா கழட்டறதுதான் வழக்கம், மேடம்."

"வேலை எங்க முடிஞ்சுது? நூறாவது திறந்தாத்தானே முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க. நானே கழட்டித் தரச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கம்மா இருக்க மாட்டாங்க."

"இப்ப இருக்காங்களா?"

"இருக்காங்க."

"இருக்காங்கன்னு ஃபாரம் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி இல்லாம போவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் மோசமான மனுஷி இல்லை. குறிப்பேட்டில் 7-ஏ பக்கத்தைத் தேடி எடுத்து விரலை ஓட்டினார்.

"நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, அல்லது அதற்கு இணையானது. அப்படின்னு எழுதியிருக்கீங்க."

"எல்லாக் குறிப்புலயும் அப்படி எழுதறது பழக்கம், மேடம்."

"நல்ல பழக்கம். அப்ப சட்டைய மாத்தலாம். மூலத்துல மாத்துனா நகல் எல்லாத்துலயும் தானா மாறிடும். ஆனா கட்டினவங்க போட்ட சட்டையா இருக்கணும்."

"நான் கட்டல. வரைஞ்சேன்."

அவர் படிவத்தின் கடைசி வரியைக் காட்டினார். 'வரைந்தவரும் கட்டியவரே' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இதுவரைக்கும் யாரும் டிக் போட்டதில்ல," என்றார்.

"ஏன்?"

"தெரியல. யாரும் அவ்வளவு கீழ வர மாட்டாங்க போல."

"பொம்மைகிட்ட எப்படிப் போறது? கண்ணாடி துடைக்கிற தொட்டில் இருக்குமே."

"அது டொராண்டோவுல இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணுதான். அடுத்த மாசம் வரும்."

"ஜன்னல் வழியா எட்டிக் கழட்டலாமா?"

"ஜன்னல் எங்க திறக்குது?" என்றார். "நீங்கதானே வரைஞ்சீங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பொம்மை வரைக்கும் போக வழியில்லை என்றபோது சிரித்தாள்.

"மேல போறதுக்கு எனக்கு இப்ப இன்னாடா கஷ்டம்?"

"ஏழு மாடிம்மா."

"அந்த ஏழு மாடியும் பாண்டு சட்டியோட ஏறுனவதான் நானு. கல்லு இல்லாம ஏற மாட்டனா?"

புதன்கிழமை அவள் தலைக்குக் குளித்தாள். வியாழக்கிழமை காலையில் இருவரும் பஸ் பிடித்துக் கட்டடத்துக்குப் போனோம். அம்மா எட்டு வருடத்துக்குப் பிறகு அங்கே வருகிறாள். அண்ணாந்து பார்த்தாள். கட்டடத்தில் வானம் தெரிந்தது. எதிர்க் கட்டடம் தெரிந்தது. அந்த எதிர்க் கட்டடத்தில் இந்தக் கட்டடம் தெரிந்தது. தான் எங்கே தெரிகிறோம் என்று அம்மா தேடினாள். கிடைக்கவில்லை.

கதவு அவளுக்குத் திறக்கவில்லை. தானாகத் திறக்கும் கதவு அது. நான் போனால் திறந்தது. அவள் போனால் மூடியது.

"கதவுக்கு அம்மா தெரியல, சார்," என்றார் காவலாளி பிபுல். அஸ்ஸாமிலிருந்து வந்தவர். கதவின் சார்பாக அவர்தான் தமிழில் பேசுவார். "அஞ்சு கிலோ கீழ இருந்தா பார்சல். பார்சல் பின்னாடி வழி."

"இடுப்புல கல்லு இருக்கே."

"கல்லு கணக்குல வராது, சார்."

"கட்றப்ப நாலு பக்கமும் வாசலா கெடந்துச்சு," என்றாள் அம்மா. "எந்தப் பக்கம் வேணாலும் பூந்து வருவன். இப்ப பாரு, ஒரே ஒரு வாசலு. அதுக்கும் கண்ணு அவிஞ்சு போச்சு."

பிபுல் தலைகுனிந்தார். கதவின் சார்பாகத்தான்.

அம்மா முந்தானையை அவிழ்த்துக் குழவியை என் கையில் கொடுத்தாள். உடனே கால் தரையை விட்டது. சாரத்தில் ஏறுகிற பழக்கத்தில் ஒரு கையை மேலே நீட்டி, ஒரு கையால் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் போனாள். சாரம் மட்டும் இல்லை. இரண்டாவது மாடி தாண்டும்போது உள்ளே ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

நான் லிஃப்டுக்கு ஓடினேன்.

"சார், கல்லுக்கு என்ட்ரி போடணும்," என்றார் பிபுல்.

போட்டேன். பொருள்: குழவி. காரணம்: அம்மா.

ஏழாவது மாடியில் காரிடார் இன்னும் நீண்டிருந்தது. வெள்ளிக்கிழமை திறக்கப்போகும் நான்கையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். ஓடினேன். இடது பக்கம் முழுக்க ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலும் ஓர் ஊர். வலது பக்கம் முழுக்க ஒரே நாற்காலி, ஒரே மேஜை, ஒரே தொட்டிச் செடி. எல்லா ஊரிலும் அதே செடியின் அதே இலைதான் பழுத்திருந்தது. எந்த ஊரில் ஓடுகிறேன் என்று தெரிய வெளியே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் எதிரே இன்னொரு கண்ணாடிக் கட்டடம். அதில் குழவியோடு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் 7-ஏ தொங்கியது. வெண்கலம். பீங்கான். ஏதோ வெளுத்த மரம். பிறகு மறுபடி வெண்கலம். எல்லா முகத்திலும் துலுக்காணம் எழுதிய மீசை. நான் தேடியது துணி. வடக்கு அம்பு ஒன்று போட்டிருந்தால் எந்தப் பக்கம் எங்கள் ஊர் என்றாவது தெரிந்திருக்கும். என்னை நானே திட்டிக்கொண்டு ஓடினேன்.

பிறகு ஒரு ஜன்னலில் அம்மா தெரிந்தாள். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பொம்மையைத் திட்டிக்கொண்டே சட்டையை உருவிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. வாய் போன வேகத்தில் திட்டு என்று தெரிந்தது.

உருவிவிட்டாள். உதறினாள். எட்டு வருடத் தூசி பறந்தது. கயிற்றைக் கை மாற்றிப் பிடித்து, புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். கையை நீட்டி ஒட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

முதல் பொத்தானைப் போட்டாள். பின்னால் மிதந்துகொண்டிருந்த கால்கள் கொஞ்சம் இறங்கின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனது நாற்பத்தெட்டுக் கிலோ. பொத்தான் ஐந்து. ஒரு பொத்தானுக்கு 9.6 கிலோ. அவள் பிடித்திருப்பது திருஷ்டி பொம்மையைத் தாங்கும் கயிறு. எட்டு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிறு.

கண்ணாடியைத் தட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள். சட்டை நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். இரண்டாவது பொத்தானைப் போட்டாள். கயிற்றில் ஒரு பிரி அறுந்தது.

"போடாதம்மா! பொத்தான் போடாத!"

அந்தக் கண்ணாடி சத்தம் விடாது. அப்படி இருக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியவனும் நான்தான்.

குழவியால் உடைக்கலாம். உடைந்தால் அவள் மேல்தான் விழும். தொண்ணூற்றாறு ஊரில் யார் யார் மேலோ விழும். அம்மா மூன்றாவது பொத்தானுக்கு வந்துவிட்டாள். வெள்ளைப் பொத்தான். அது அவளுக்குப் பிடித்தது, மெதுவாகப் போடுவாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். என் முதுகுப் பையில் வரைபடம் எப்போதும் இருக்கும். விரித்தேன். சுருண்டது. குழவியை அதன் மேல் வைத்தேன். ஏழாவது மாடி, ஜன்னல் 118. பதித்த கண்ணாடி என்று நான் எழுதியிருந்ததை அழித்தேன். இடது பக்கம் கீல் மூன்று வரைந்தேன். வலது பக்கம் ஒரு கொண்டி. வெளிப்பக்கம் திறந்தால் அவளைத் தள்ளிவிடும். உள்பக்கம் திறக்கும் என்று குறி போட்டேன். அந்த அவசரத்திலும் கோடு நேராகத்தான் வந்தது.

திருத்தம் செய்த இடத்தைச் சுற்றி மேகம் போல வளைத்து வரைந்து காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அதையும் வரைந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்து அம்மாவை மூடியது.

எழுந்து கண்ணாடியைத் தடவினேன். கொண்டி கையில் தட்டுப்பட்டது. இழுத்தேன்.

ஜன்னல் திறந்தது. காரிடார் நெடுக ஒவ்வொன்றாக மற்றவையும் திறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே போனது. வரைபடம் ஒன்றுதானே. எங்கிருந்தோ பனிக்காற்று வந்தது. எங்கிருந்தோ வெங்காயம் வதக்கும் வாசனை. ஒரு பக்கம் மழை மண், ஒரு பக்கம் ஈரக் கம்பளி, கருகிய ரொட்டி. எங்கள் ஜன்னலில் கோவளத்து உப்பும் பஸ் புகையும். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காரிடாரில் எது எந்த ஊர் என்று தெரிந்தது.

மேகத்துக்குள் கையை விட்டேன். ஒட்டுப் போட்ட முழங்கை கிடைத்தது. பிடித்து இழுத்தேன். கயிறு அறுவதும் அவள் உள்ளே விழுவதும் ஒன்றாக நடந்தன. கொண்டியில் இருந்த மறு கையால் பொம்மையின் கயிற்று நுனியையும் பிடித்துக்கொண்டேன். அம்மா என் கழுத்தில் தொங்கியபடியே ஐந்தாவது பொத்தானைப் போட்டு முடித்தாள்.

கனத்தாள். தோள்பட்டை இறங்கிவிடும்போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"எதுக்குடா அழுவுற? நான்தான் வந்துட்டன்ல."

அவள் எழுந்து காரிடாரைப் பார்த்தாள். சீலிங்கைப் பார்த்தாள். கம்பளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுதான் உள்ளயா?" என்றாள். "நாங்க போட்டது எதுவுமே காணமே."

சுவரோரமாக நடந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். டொக் டொக்கென்று அட்டைச் சத்தம் வந்தது. ஓர் இடத்தில் சத்தம் வரவில்லை. நின்றாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

"இருக்குது. தூணு இங்கதான் நிக்குது. இது போட்ட அன்னிக்கு வயித்து வலி எனக்கு. துலுக்காணம் லீவு குடுக்க மாட்டன்ட்டான்."

அந்த இடத்தில் நிறுவனத்தின் நோக்கங்கள் எழுதிய பலகை மாட்டியிருந்தது. அம்மாவின் கை அதன் மேல்தான் இருந்தது.

ஹெலன் பிரமிளா மேடம் வந்தார். எல்லாத் திசைகளிலிருந்தும் அடித்த காற்றில் அவர் கையிலிருந்த படிவங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"யாரு ஜன்னலத் திறந்தது?"

"வரைஞ்சேன், மேடம்."

"ஒப்புதல்?"

"அட போம்மா," என்றாள் அம்மா. "காத்து வரட்டும். எவ்ளோ நாளு பூட்டியே வெச்சிருப்பீங்க?"

ஹெலன் பிரமிளா ஜன்னலருகில் வந்து நின்றார். பிறகு இடது கையிலிருந்து ஸ்வெட்டரை உருவி மடித்துக்கொண்டார்.

அப்போது மேலே எங்கோ டிக்கென்றது. இன்னொரு டிக். கண்ணாடி விரிசல் விடும் சத்தம். பொம்மை சட்டையில்லாமல் வைக்கோல் மார்போடு ஜன்னல் கட்டையில் சாய்ந்திருந்தது.

"இணையானது," என்றார் ஹெலன் பிரமிளா.

நான் என் சட்டையைக் கழற்றினேன். வெள்ளை, நிறுவனச் சின்னம் தைத்தது. நூறு ஊரிலும் எல்லோரும் இதையே போடுகிறோம். இதில் என்னுடையது என்று என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். பொம்மைக்கு மாட்டினேன். சொல்லி வைத்தது போலப் பொருந்தியது. ஐடி கார்டு பையிலேயே போய்விட்டது. கயிற்றை முடிந்து வெளியே விட்டேன். டிக் சத்தம் நின்றது. படிவத்தில் 'வரைந்தவரும் கட்டியவரே' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவர் முத்திரை குத்தினார்.

முகப்புக்கூடம் வழியாக வெளியே வந்தோம். பனிக்கோட்டுக்காரர்களும் குடைக்காரர்களும் விலகி நின்று பார்த்தார்கள். அம்மா புடவைக்கு மேல் நீலக் கட்டச் சட்டையோடு நடந்தாள். நான் குழவியோடும் பனியனோடும் பின்னால் போனேன்.

"சட்டையோட உன் ஆபீசுக்கு வந்துட்டன்டா," என்றாள் அம்மா, திரும்பாமல். "பரவால்லியா?"

"பரவால்லம்மா."

"இப்ப நீ சட்டையில்லாம நிக்கிற."

கதவு அவளுக்கு உடனே திறந்தது. பிபுல் வணக்கம் வைத்தார். எனக்கு அது கொஞ்சம் யோசித்தது. கையை ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

வீட்டில் எடை பார்த்தோம். அம்மா ஐம்பது கிலோ. நான் இருபத்திரண்டு. முன்பு எழுபது இருந்தேன். எழுபதில் நாற்பத்தெட்டு போனால் இருபத்திரண்டு. கணக்கு சரியாகவே வருகிறது. அம்மா முள்ளைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நான்கு நகல்களும் திறந்தன. டிவியில் காட்டினார்கள். நான்கிலும் 7-ஏ வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. நான்கிலும் சட்டைப் பையில் வெடி என்று எழுதிய கார்டு. நான்கிலும் ஏழாவது மாடியில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அது கட்டடத்தின் புதிய அடையாளம் என்றார் ஒருவர். வரவேற்பு பலமாக இருப்பதால் இன்னும் நாற்பது கட்டப்போவதாகவும் சொன்னார்.

இருபத்திரண்டில் இரண்டு அன்றே போயிருந்தது. இருபதில் இருபது. மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது.

அம்மா ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு குழவி அன்றுதான் அரைத்தது. டிவியில் அந்த ஆள் நாற்பது என்று சொன்னபோது அவள் கை நின்றது. மிச்சத் துவையலை வழித்து வைத்தாள். குழவியைக் கழுவினாள். சட்டை நுனியால் துடைத்தாள். எழுந்து ஃபேனை நிறுத்தினாள். பிறகு என்னிடம் வந்து குழவியை என் மடியில் வைத்தாள்.

"இப்பவே பழகிக்க," என்றாள்.

"புழுங்குதும்மா."

"ஃபேன் போட்டா உனக்கு அடிபடும்டா."

குழவி ஈரமாக இருந்தது. தேங்காய் வாசனை அடித்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.